ஆபீஸ்ல வருதுங்க, வீட்ல வரலைங்க

வெள்ளிக்கிழமை மாலை வரை சரவணம்பட்டி அலுவலகத்தில் ஒழுங்காக ஓடிய லேப்டாப், சனிக்கிழமை காலை கோபிசெட்டிபாளையத்து வீட்டில் இணையத்தைத் தொட மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் திரும்பினால் தானாகச் சரியாகிவிடுகிறது. இப்படி ஓர் இடத்தில் ஓடி இன்னோர் இடத்தில் நின்றுவிடும் லேப்டாப்பில் வைஃபை கார்டு கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கெட்டுப்போன கார்டு எல்லா இடத்திலும்தான் தகராறு செய்யும். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு: ஓர் இடத்துக்காகச் செய்த ஏதோ ஒரு செட்டிங், அந்த இடத்தை விட்டு வந்த பிறகும் லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் புது ரவுட்டர் வாங்க வேண்டாம், சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டாம், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடவும் வேண்டாம்.

கொங்குப் பகுதியில் இது இப்போது அன்றாடப் பாடு. 2020 மார்ச் ஊரடங்கில் ஐடி ஊழியர்கள் லேப்டாப்போடு சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு நவம்பர் 5 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பிபிஓ போன்ற நிறுவனங்களுக்கான பதிவு, வங்கி உத்தரவாதம் ஆகியவற்றை நீக்கி, எங்கிருந்தும் வேலை பார்க்க வழிவிட்டது. பிறகு அலுவலகங்கள் வாரத்தில் சில நாள் வரச் சொன்னபோது, விளாங்குறிச்சி டைடல் பார்க்குக்கும் பொள்ளாச்சி வீட்டுக்கும், கீரணத்தத்துக்கும் புளியம்பட்டிக்கும் இடையே லேப்டாப் பயணம் தொடங்கியது. ஐடி ஆட்கள் மட்டுமல்ல. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி மெர்ச்சண்டைசர் காலையில் அலுவலகம், மதியம் ஃபேக்டரி, இரவு வீடு என்று ஒரே நாளில் மூன்று வைஃபை மாறுகிறார். ஈரோட்டு மஞ்சள் மண்டியின் கணக்காளர் ஜிஎஸ்டி தாக்கல் நேரத்தில் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். இவர்களுக்கெல்லாம் தனியாக ஐடி பிரிவு கிடையாது. அழைத்தால் வரும் ஹார்டுவேர் அண்ணன்தான் கதி, அவரும் சனிக்கிழமை இரவில் வர மாட்டார்.

முதலில் போனை எடுங்கள்

எந்த செட்டிங்கையும் தொடும் முன், கோளாறு யார் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைப்பது முக்கியம். அணைக்காமல் பார்த்தால் வைஃபை செத்திருந்தாலும் போன் சிம் வழியாக இணையத்தை எடுத்துக்கொள்ளும், நீங்கள் லேப்டாப்பைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பை மூடி வையுங்கள், பிரச்சினை லைனில் அல்லது ரவுட்டரில். போனில் வருகிறதென்றால் அடுத்த சோதனை: அதே போனில் டேட்டாவைப் போட்டு ஹாட்ஸ்பாட் திறந்து, லேப்டாப்பை அதில் சேருங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஓடினால், உங்கள் லேப்டாப்புக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இடையில் மட்டும்தான் சிக்கல்: சேமித்து வைத்த பழைய கடவுச்சொல், அந்த வைஃபைக்கென்று செய்த செட்டிங், சிக்னல். ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை, அலுவலகத்தில் மட்டும்தான் ஓடுகிறது என்றால், அலுவலகத்துக்காகச் செய்த ஏதோ ஒன்றை லேப்டாப் சுமந்து வந்திருக்கிறது: நிலையான ஐபி, டிஎன்எஸ், ப்ராக்ஸி, அல்லது விபிஎன். இந்த ஒரு பிரிப்பு உங்கள் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். ஹெல்ப்டெஸ்க்கை அழைத்தாலும் அவர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

இடையில் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட். விண்டோஸ் 8 வந்த 2012 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினிகளில் ஷட்டவுன் என்பது முழுதாக அணைவதில்லை. உள்மையத்தின் நிலையைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அதிலிருந்தே எழுகிறது. வைஃபை டிரைவர் சிக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சிக்கலும் சேர்ந்தே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. மூடியை மூடித் தூங்க வைத்தபடியே ஒரு வாரம் இரண்டு ஊருக்கும் அலையும் லேப்டாப்புக்கு இது கட்டாயம். அப்படியே ஃப்ளைட் மோடு பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பையிலிருந்து எடுக்கும்போது அது அடிக்கடி நடக்கிறது.

ஐபி எண் சொல்லும் சேதி

வைஃபை சின்னத்தில் "நோ இன்டர்நெட்" என்று வந்தால் பலர் உடனே கேபிள்காரரைத் திட்டத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் லேப்டாப்பின் ஐபி முகவரியைப் பாருங்கள். செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய் அந்த நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் கீழே இருக்கும். கமாண்ட் பிராம்ப்ட் பழக்கமுள்ளவர்கள் ஐபிகான்ஃபிக் என்று அடித்தாலும் வரும்.

அங்கே 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், லேப்டாப் ரவுட்டரிடம் முகவரி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போட்டு, லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கை "ஃபர்கெட்" கொடுத்து மறுபடி சேருங்கள். வீட்டில் ரவுட்டரை மாற்றி, பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்திருக்கிறீர்களா? அப்போதும் ஃபர்கெட் தேவைப்படலாம். பழைய ரவுட்டர் டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் இருந்து புதியது டபிள்யூபிஏ3-இல் இருந்தால், பெயரும் சொல்லும் ஒன்றாக இருந்தும் சேமித்த விவரம் பொருந்தாமல் லேப்டாப் திணறும்.

192.168 என்று தொடங்கும் எண் இருக்கிறதா? அதன் மூன்றாம் பகுதியைப் போனில் காட்டும் ஐபியோடு ஒப்பிடுங்கள். ஜியோ ஃபைபர் வீடுகளில் ரவுட்டர் வழக்கமாக 192.168.29.1-இல் இருக்கும். பல பிஎஸ்என்எல், ஏர்டெல் வீடுகளில் 192.168.1.1. போனில் 192.168.29.14, லேப்டாப்பில் 192.168.1.45 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

ஹார்டுவேர் அண்ணன் போட்ட எண்

கொங்கு நாட்டுச் சிறு, நடுத்தர நிறுவனங்களில் நான் அதிகம் காணும் காரணம் இதுதான். பம்ப் கம்பெனி, ஸ்பின்னிங் மில், பனியன் யூனிட், ஆடிட்டர் அலுவலகம் எதுவானாலும் ஒரு மேசையில் டேலி ஓடும் கணினி, ஒரு மூலையில் எல்லாரும் பிரிண்ட் கொடுக்கும் பிரிண்டர், வாசலில் கைரேகை வருகைப் பதிவுக் கருவி. இவை ஒன்றையொன்று தவறாமல் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக ஹார்டுவேர் அண்ணன் ஒவ்வொரு கணினிக்கும் கையால் ஒரு ஐபி எண் போட்டுவிட்டுப் போவார். மேசைக் கணினிக்கு அது நல்ல வேலை, அது நகர்வதில்லை. உங்கள் லேப்டாப்புக்கும் அதே கையோடு 192.168.1.45 என்று போட்டிருந்தால், அது கோபிக்கு வந்த பிறகும் தன்னை அலுவலகத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். வைஃபை சேரும், சிக்னல் முழுதாகக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது.

இதில் குழப்பம் என்னவென்றால், சிலருக்கு மட்டும் இது வேலை செய்துவிடும். வீட்டு ரவுட்டரும் 192.168.1.1 என்றால் எண் தற்செயலாகப் பொருந்திப்போகும். "அவருக்கு வீட்ல ஓடுது, எனக்கு மட்டும் ஏனுங்க ஓடலை" என்று கேட்பவருக்குப் பதில் இதுதான்: இருவர் வீட்டிலும் ரவுட்டர் வேறு. அந்தப் பொருத்தத்தையும் நம்பி இருக்க முடியாது. வீட்டில் புது ஸ்மார்ட் டிவி வந்த வாரத்தில் ரவுட்டர் அதே 45-ஐ டிவிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இணையம் வரும், போகும், மறுபடி வரும். இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறைப் பிடிப்பதுதான் மிகவும் கடினம்.

சரிசெய்யும் முன் அந்த ஐபி பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐபி, சப்நெட், கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் தெரிய வேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்தில் டேலி திறக்காமல் போனால் அந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றும். பிறகு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் வழியாகப் போய் வீட்டு வைஃபையின் பெயரைத் தொட்டு, ஐபி அசைன்மென்ட்டை "ஆட்டோமேட்டிக்" என்று வையுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. செட்டிங்ஸில் ஒரு குறிப்பிட்ட வைஃபையின் பெயருக்குள் போய்ச் செய்யும் மாற்றம் அந்த வைஃபைக்கு மட்டும். பழைய கண்ட்ரோல் பேனல் வழியாக அடாப்டரில் போடும் எண் எல்லா வைஃபைக்கும் சேர்த்து. ஹார்டுவேர் ஆட்கள் பழக்கத்தால் இரண்டாவது வழியில்தான் போடுகிறார்கள். ஆகவே அடாப்டர் பக்கத்தில் தானியங்கி என்று மாற்றிவிட்டு, அலுவலக வைஃபையின் பெயருக்குள் மட்டும் அந்த எண்ணைப் போட்டால், இரண்டு இடமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, அதையே நான் பரிந்துரைப்பேன். லேப்டாப்பில் எண்ணே போட வேண்டாம். அலுவலக ரவுட்டரில் உங்கள் லேப்டாப்பின் ஹார்டுவேர் முகவரியைப் பதிந்து, "இந்த லேப்டாப் வந்தால் எப்போதும் 45-ஐக் கொடு" என்று ஒதுக்கி வைக்கலாம். ரவுட்டர் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி முறை 1993 முதல் இருக்கிறது. பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த ஒதுக்கீட்டு வசதியும் உண்டு. அண்ணனிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, என் லேப்டாப்புக்கு ஐபியை ரவுட்டர்லயே ரிசர்வ் பண்ணிக் குடுத்துருங்க, லேப்டாப்புல ஆட்டோமேட்டிக்னே இருக்கட்டுங்க." பத்து நிமிட வேலை. ஒரே நிபந்தனை: அலுவலக வைஃபைக்கு மட்டும் விண்டோஸில் "ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்" அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிந்த முகவரியும் லேப்டாப் காட்டும் முகவரியும் பொருந்தாது.

லினக்ஸில் ஒவ்வொரு வைஃபைக்கும் தனி விவரம் இயல்பாகவே இருக்கிறது. ஆப்பிள் மேக்புக்கில் "லொகேஷன்" என்ற வசதியில் அலுவலகம், வீடு என்று இரண்டு தொகுப்பாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

ப்ராக்ஸி, டிஎன்எஸ், விபிஎன்

ஐபி சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லையா? கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் என்று அடித்து 8.8.8.8 கொடுங்கள். பதில் வந்தால் இணையம் இருக்கிறது. அடுத்து எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ். அலுவலகத்தின் உள் டிஎன்எஸ் எண்ணைக் கையால் போட்டிருப்பார்கள், அந்த சர்வர் வீட்டிலிருந்து எட்டாது. தானியங்கிக்கு மாற்றினால் முடிந்தது. பெயருக்கும் பதில் வருகிறது, பிரவுசர் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் ப்ராக்ஸியைப் பாருங்கள். விண்டோஸில் கையால் போடும் ப்ராக்ஸி வைஃபைக்கு வைஃபை மாறாது, எங்கே போனாலும் கூடவே வரும். கல்லூரி லேப், பெரிய மில் அலுவலகம் போன்ற இடங்களில் ப்ராக்ஸி எண் போட்டு வந்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். செட்டிங்ஸில் ப்ராக்ஸி பக்கத்தில் கைமுறை ப்ராக்ஸியை அணையுங்கள். அங்கே "ஸ்கிரிப்ட்" முகவரி ஏதாவது இருந்தால் அது நிறுவனம் வைத்தது, அதைத் தொடாமல் கேட்டுச் செய்யுங்கள்.

விபிஎன்னில் ஒரு வினோதமான கோளாறு உண்டு. விபிஎன் இணைந்துவிட்டது என்று பச்சை காட்டும். ஆனால் அலுவலக சர்வர் 192.168.1.10 மட்டும் திறக்காது. மெயில், கூகுள் எல்லாம் ஓடும். காரணம், உங்கள் வீடும் அலுவலகமும் ஒரே 192.168.1 வரிசையில் இருக்கின்றன. ஒரே தெருப்பெயரும் ஒரே கதவெண்ணும் கோவையிலும் ஈரோட்டிலும் இருந்தால், ஈரோட்டுத் தபால்காரர் கடிதத்தை ஈரோட்டிலேயே கொடுத்துவிடுவார் அல்லவா? அப்படித்தான் லேப்டாப்பும் 192.168.1.10-ஐ வீட்டுக்குள்ளேயே தேடுகிறது, விபிஎன் பக்கம் அனுப்புவதே இல்லை.

அலுவலகம் தன் எண்ணை மாற்றாது, வீட்டு ரவுட்டரை நீங்கள் மாற்றலாம். ரவுட்டரின் லேன் பக்கத்தில் 192.168.1.1 என்பதை 192.168.77.1 போன்ற யாரும் பயன்படுத்தாத எண்ணாக்கிச் சேமித்தால், ரவுட்டர் எழுந்த பிறகு போன், டிவி எல்லாம் புது வரிசையில் தானாகச் சேர்ந்துகொள்ளும். 10 என்று தொடங்கும் எண்களைத் தவிருங்கள், பெரிய நிறுவனங்கள் அதை அதிகம் பயன்படுத்துகின்றன. வீட்டில் சிசிடிவி பெட்டியோ வைஃபை பிரிண்டரோ இருந்து, அதற்குக் கையால் எண் போட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். கேமரா போட்டவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

விபிஎன் இணைந்து, சின்ன மெயில்கள் வந்து, பெரிய பக்கங்களும் கோப்புகளும் மட்டும் பாதியில் நின்றால் அது வேறு கதை. பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் பிபிபிஓஇ வகை லைன்களில் ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு (எம்டியூ) 1500 பைட்டுக்குப் பதில் 1492 தான். விபிஎன் அதன் மேல் தன் உறையையும் சேர்க்கும்போது பெரிய பொட்டலங்கள் வழியில் விழுந்துவிடலாம். இதை நீங்களே திருத்தப் பார்க்க வேண்டாம். ஐடி பிரிவிடம் "என் வீட்டு லைன் பிபிபிஓஇ, எம்டியூ பார்க்க முடியுமா" என்று சொல்லுங்கள். புரிந்தவர் உடனே பிடித்துக்கொள்வார்.

வீட்டில் ஓடி ஆபீஸில் ஓடாவிட்டால்

மறுபக்கமும் நடக்கிறது, அங்கே காரணங்கள் வேறு. பெரிய அலுவலகங்களில் வைஃபைக்குப் பொதுவான ஒரு கடவுச்சொல் இருக்காது. உங்கள் நிறுவனக் கணக்கின் பெயரும் சொல்லும்தான், அல்லது லேப்டாப்பில் நிறுவிய ஒரு டிஜிட்டல் சான்றிதழ். வீட்டில் இருந்தபோது கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், லேப்டாப் பழைய சொல்லையே வைஃபைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், சட்டைப் பையில் இருக்கும் போன். அதிலும் அலுவலக வைஃபையைச் சேமித்திருந்தால், அது பழைய சொல்லை வைத்துத் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். தவறான முயற்சிகள் கூடியதும் உங்கள் கணக்கு பூட்டப்படும். ஹெல்ப்டெஸ்க் திறந்துவிடும், அரை மணியில் மறுபடி பூட்டிக்கொள்ளும். யாருக்கும் காரணம் புரியாது. கடவுச்சொல் மாற்றிய அன்றே போன், டேப்லெட் எல்லாவற்றிலும் அலுவலக வைஃபையை ஃபர்கெட் கொடுத்து மறுபடி சேருங்கள்.

லேப்டாப்பின் தேதி, நேரத்தையும் பாருங்கள். பழைய லேப்டாப்பில் உள் பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிராகரிக்கப்படும். வீட்டு வைஃபை தேதியைக் கேட்பதில்லை, அதனால் சேர்ந்துவிடும். ஆனால் அங்கேயும் பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், அதுவே துப்பு.

வைஃபை ஓடுகிறது, பிரிண்டரும் பகிர்ந்த ஃபோல்டரும் மட்டும் தெரியவில்லை என்றால் அந்த நெட்வொர்க் "பப்ளிக்" என்று குறிக்கப்பட்டிருக்கும். நம்பகமான அலுவலக நெட்வொர்க் என்றால் "பிரைவேட்" ஆக்கலாம். தங்கும் விடுதி, காபிக் கடை போன்ற இடங்களில் பப்ளிக் என்றே இருக்கட்டும்.

சாளையிலும் அடுக்குமாடியிலும்

செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் வீடியோ கால் உடைகிறதென்றால் அலையைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 2005-இல் உரிம விலக்கு வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் விரிவான விலக்கு 2018-இல் வந்தது. முதலாவது தூரம் போகும், ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. பீளமேட்டு அடுக்குமாடியில் இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றுக்கும் அடித்துக்கொள்ளும். அங்கே லேப்டாப்பை 5-இல் சேருங்கள். தோட்டத்துச் சாளையில் நிலைமை தலைகீழ். பக்கத்தில் போட்டி ரவுட்டர் கிடையாது, சுவர்தான் கனம். 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு தடித்த சுவரைத் தாண்டும்போதே தளர்ந்துவிடும், 2.4 அறை தாண்டி வரும். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்கு அடியிலோ வைக்காதீர்கள்.

போர் மோட்டார் போடும் நேரத்தில் கால் அறுகிறதா என்று கவனியுங்கள். மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்து, ரவுட்டர் ஒரு நொடி அணைந்து எழும். அது முழுதாக எழச் சில நிமிடம் ஆகும், அதற்குள் கூட்டம் முடிந்துவிடும். ரவுட்டருக்கென்று வரும் சின்ன யுபிஎஸ் வாங்கினால் இது நிற்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்குங்கள், பல ரவுட்டர்கள் 12 வோல்ட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. எந்தத் துணைமின் நிலையம், எந்தப் பகுதி என்று முதல் நாளே செய்தித்தாளில் வந்துவிடும். அன்று வீட்டிலிருந்து வேலை என்று வைத்துக்கொள்ளாமல் அலுவலகம் போய்விடுவது புத்திசாலித்தனம். யுபிஎஸ் இருந்தாலும் லைன் உயிரோடு இருக்குமா என்பது லைனைப் பொறுத்தது. முழு ஃபைபர் லைனில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே மின்சாரம் தேவைப்படும் பெட்டி இருக்காது. சில கேபிள் இணைப்புகளில் கம்பத்தில் ஒரு ஸ்விட்ச் தொங்கும், கரண்ட் போனால் அதுவும் போகும். இணைப்பு வாங்கும்போதே இதைக் கேளுங்கள்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் எந்த லேப்டாப் செட்டிங்கும் உதவாது, ஒளியே வரவில்லை. "அண்ணா, எல்ஓஎஸ் செவப்பா எரியுதுங்க" என்று சொன்னால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற சுற்று மிச்சமாகும்.

கோவை ஜங்ஷனில் ரயில்வயர் போன்ற பொது வைஃபையில் சேரும்போது போன் எண், ஓடிபி கேட்கும் பக்கம் முதலில் வர வேண்டும். விபிஎன் தானாக இயங்கும்படி வைத்திருந்தால் அந்தப் பக்கம் வராமல் தடுக்கப்படலாம். பக்கத்தை முடித்து, பிறகு விபிஎன். அதற்கு முன் அலுவலக மெயில் எதையும் திறக்காதீர்கள்.

நிறுவன லேப்டாப்பில் கை வைக்கும் முன்

சொந்த லேப்டாப் என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் துணிந்து செய்யலாம். நிறுவனத்தின் லேப்டாப் என்றால் பார்ப்பதும் படம் எடுப்பதும் உங்கள் வேலை, மாற்றுவது கேட்டுச் செய்ய வேண்டியது. குறிப்பாக விண்டோஸின் "நெட்வொர்க் ரீசெட்" பட்டனை வீட்டில் இருந்துகொண்டு அழுத்தாதீர்கள். அது சேமித்த வைஃபைகளோடு நெட்வொர்க் அடாப்டர்களையும் கழற்றி மறுபடி போடும், விபிஎன் மென்பொருளைத் திரும்ப நிறுவ நேரலாம். அதை நிறுவ அலுவலகம் வரச் சொல்வார்கள். தடை தாண்டுவதற்காக இலவச விபிஎன் போடுவதும் கூடாது. வேலைக்கே உலை வைத்துவிடும்.

தவறான வைஃபையில் சேர்ந்து அலுவலகக் கடவுச்சொல்லை அடித்துவிட்டதாகத் தோன்றினால் உடனே சொல்லுங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நீங்கள் தயங்கும் ஓர் இரவு, உங்கள் மேலாளருக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் பெரிய தலைவலி. சொன்னவரை மதிக்கும் நிறுவனங்களே அதிகம், மறைத்தவரைத்தான் பிறகு கேட்கிறார்கள்.

ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதும்போது "வைஃபை வரலைங்க, அவசரம்" என்று மட்டும் எழுதினால் முதல் பதிலே மூன்று கேள்விகளாக வரும், அரை நாள் போகும். இப்படி எழுதுங்கள்: "விண்டோஸ் 11 லேப்டாப். வீட்டு வைஃபையில் சேர்கிறது, நோ இன்டர்நெட் காட்டுகிறது. அதே வைஃபையில் போன் ஓடுகிறது. போன் ஹாட்ஸ்பாட்டிலும் லேப்டாப் ஓடவில்லை. நேற்று அலுவலகத்தில் ஓடியது. ஐபி 192.168.1.45, வீட்டு ரவுட்டர் 192.168.29.1. ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது. படம் இணைத்துள்ளேன். 11 மணிக்கு கிளையன்ட் கூட்டம், அதுவரை போனிலிருந்து கலந்துகொள்கிறேன்." வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கோளாறை இப்படிப் பிரித்து எழுதத் தெரிந்த ஆளை ஐடி பிரிவு நினைவில் வைத்துக்கொள்ளும். கூட்டத்துக்கு மாற்று வழியையும் சேர்த்துச் சொன்ன ஆளை மேலாளரும் நினைவில் வைத்துக்கொள்வார்.

அந்த மெயிலை லேப்டாப்பிலிருந்து அனுப்ப முடியாது என்பதால், ஹெல்ப்டெஸ்க்கின் தொலைபேசி எண், டிக்கெட் போடும் மெயில் முகவரி, உங்கள் ஊழியர் எண், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் அசெட் எண் நான்கையும் இன்றே போனில் குறித்து வையுங்கள். அலுவலகத்தில் ஓடும் நாளில் ஐபி பக்கத்தை ஒரு படம், வீட்டில் ஓடும் நாளில் ஒரு படம் என்று எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை நிற்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எது மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.